இண்டிகோ 60 ஏ350 வாங்குது, சரி. நம்ம டிக்கெட் விலை குறையுமா?

மீனம்பாக்கம் வாசி:
வணக்கம் மக்களே. இத்தனை நாளா படிச்சிட்டு மட்டும் போயிட்டிருந்தேன், இன்னிக்கு கேட்டுடலாம்னு வந்துட்டேன். இண்டிகோ 2024 ஏப்ரல்ல ஏர்பஸ் கம்பெனியோட நீண்ட தூரப் பெரிய விமானம் ஏ350-900, அதுல 30 ஆர்டர் போட்டான். 2025 ஜூன்ல டெல்லில நடந்த ஏர்லைன் மாநாட்டுல இன்னொரு 30ன்னு சொன்னான், அக்டோபர்ல கையெழுத்தும் ஆயிடுச்சு, ஆக 60. வண்டி வர ஆரம்பிக்கறது 2027லன்னு அப்ப சொன்னான். அதுவரைக்கும் சும்மா இருக்க முடியாதுன்னு நார்வேக்காரன் நார்ஸ் அட்லாண்டிக் கிட்ட ஆறு போயிங் 787 வாடகை பேசி, பம்பாய்ல இருந்து மான்செஸ்டர், ஆம்ஸ்டர்டாம் ஜூலைலயே கிளப்பிட்டான், அப்புறம் அக்டோபர்ல கோபன்ஹேகன், லண்டன் ஹீத்ரூ. உள்ளூர்ல டிக்கெட் விலையை உடைச்ச மாதிரி லண்டனுக்கும் உடைப்பானா இல்ல பேருக்குத்தான் பட்ஜெட்டா? என் தங்கச்சி லீட்ஸ்ல இருக்கா, ஒவ்வொரு டிசம்பரும் டிக்கெட் போடும்போது வீட்ல ஒரு சண்டை, அதான் கேக்கறேன்.

திருச்சி டெர்மினல்:
உள்ளூர்ல விலையை உடைச்சது இண்டிகோ இல்லீங்க, 2003ல வந்த ஏர் டெக்கான். அவன் உடைச்சான், அவனே உடைஞ்சும் போனான். இண்டிகோ 2006ல வந்து உடைஞ்ச எடத்துல கடை போட்டான். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு.

லோடுஷீட்:
வாசி தம்பி, பட்ஜெட் ஏர்லைனோட வித்தை வண்டில இல்ல, தரையில இருக்கு. உள்ளூர்ல ஓடுற சின்ன வண்டி ஏ320 வந்து நின்னா அரை மணில பெருக்கி துடைச்சு ஆள ஏத்தி கிளப்பிடுவான், அடுத்தவன் ஒரு மணி நேரம் நிறுத்தி வெச்சிருப்பான். ஒரு நாளைக்கு ஆறு டிரிப் அடிக்கிற வண்டில ஒவ்வொரு தடவையும் அரை மணி மிச்சம் பிடிச்சா மூணு மணி நேரம் ஆச்சு, சென்னை-மதுரை போயிட்டு வர்ற ஒரு டிரிப் ஓசில கிடைச்ச மாதிரி. அதே ஆளை பம்பாய்-லண்டன்ல விடுங்க. போறதுக்கு பத்து மணி, வர்றதுக்கு ஒம்போது மணி, ஒரு நாள்ல ரெண்டே தடவைதான் தரையில நிக்கும். பிரிட்டிஷ் ஏர்வேஸும் அதே மாதிரி வண்டியை அதே அளவு நேரம் வானத்துல தான் வெச்சிருக்கான். மிச்சம் பிடிக்க எடம் எங்க இருக்கு?

அடுத்தது எண்ணெய். 787-9 மணிக்கு தோராயமா அஞ்சரை டன் குடிக்கும். பத்து மணி நேரத்துக்கு 55 டன். இவங்க வாடகைக்கு எடுத்த வண்டில 338 சீட்டு, வகுத்துப் பாத்தா ஆளுக்கு 160 கிலோவுக்கு மேல வருது. கிலோ 75 ரூபான்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்குங்க, ஒரு பக்கம் எண்ணெய் மட்டுமே 12,000 ரூபா, அதுவும் வண்டி நிறைஞ்சு போனா தான். பத்து சீட்டுக்கு ரெண்டு காலின்னா அது 15,000 ஆயிடும். அப்புறம் லண்டன்ல இருந்து எகானமில கிளம்பற ஒவ்வொரு பெரியவனுக்கும் பிரிட்டிஷ் கவர்மெண்ட் 2025ல தலைக்கு 90 பவுண்டு வரி போட்டுச்சு, 2026 ஏப்ரல்ல இருந்து 102, நம்ம காசுக்கு பத்தாயிரத்துக்கு மேல. இது எதுலயும் இண்டிகோ ஒரு ரூபா பேரம் பேச முடியாது. பைலட்டு, ஹோட்டல், சோறு, வண்டி வாடகை எல்லாம் இதுக்கு மேல தான்.

மீனம்பாக்கம் வாசி:
சோறு காசுக்கு தான விப்பான்?

லோடுஷீட்:
இல்ல, இதுல சூடா சோறு டிக்கெட்லயே சேத்தி. பத்து மணி நேரம் உக்காந்திருக்கவனுக்கு கப் நூடுல்ஸ வித்து தப்பிக்க முடியாதுன்னு அவனுக்கே தெரியும். டிவியும் சீட்டு முதுகுல இருக்கு. அதாவது லண்டன் வண்டில ஏறுன உடனே இண்டிகோ பாதி இண்டிகோவா இல்லாம போயிடுறான்.

கிள்ளான் பையன்:
இந்தக் கதைய நாங்க மலேசியால பாத்து முடிச்சிட்டோம். ஏர்ஏசியாவோட நீண்ட தூர மலிவு கம்பெனி ஏர்ஏசியா எக்ஸ், 2007ல ஆஸ்திரேலியால கோல்ட் கோஸ்ட்டுக்கு ஆரம்பிச்சாங்க, நல்லா போச்சு. தைரியம் வந்து 2009ல லண்டன் ஸ்டான்ஸ்டெட், அப்பறம் 2011ல பாரிஸ். வண்டி என்னா தெரியுமா, ஏ340, நாலு எஞ்சின், எண்ணெய் குடிக்கறதுல குண்டோதரன். என் மாமா கோலாலம்பூர்ல இருந்து லண்டன் அதுல தான் போனார், கம்பளி கூட காசு குடுத்து வாங்கணும், மனுஷன் ஜாக்கெட்ட போத்திக்கிட்டே போயி சேந்தேன்னு இன்னும் சொல்லிட்டு இருப்பாரு. 2012ல ரெண்டு ரூட்டையும் மூடிட்டாங்க, எண்ணெய் விலை, வரி, ஐரோப்பாவோட கார்பன் கணக்குன்னு காரணம் சொன்னாங்க. அதுக்கப்பறம் ரொம்ப வருஷம் ஏழெட்டு மணி நேரத்துக்கு மேல பெருசா ஆசைப்படல. கோவிட்ல அதுவும் படுத்துட்டு, 2021ல கடன்காரங்களுக்கு நூறு ரிங்கிட்டுக்கு அம்பது சென் தான் திருப்பிக் குடுக்கறதா கோர்ட்ல முடிச்சாங்க. அம்பது சென்லா! அதுக்கு இங்க ஒரு கறிவேப்பில கட்டு கூட வராது.

பழைய போயிங்:
அதுக்கும் முன்னாடி ஒருத்தர் இருக்கார் தம்பிகளா. பிரிட்டிஷ்காரர் பிரெடி லேக்கர். 1977 செப்டம்பர்ல லண்டன் கேட்விக்ல இருந்து நியூயார்க், ஒரு பக்கம் 59 பவுண்டு, டிசி-10 விமானத்துல. முன்பதிவு கிடையாது, வந்து கியூல நில்லு, சீட்டு இருந்தா ஏறு, நம்ம ஊர் டவுன் பஸ் மாதிரி. அஞ்சு வருஷம் கூட முழுசா ஓடல, 1982 பிப்ரவரில மஞ்சக் கடுதாசி. பெரிய கம்பெனிங்க எல்லாம் சேர்ந்து அவர் விலைக்கே இறங்கி வந்தாங்க, டாலர்ல வாங்குன கடன் வேற கழுத்தை நெரிச்சுது. நான் அப்போ காலேஜ் படிச்சிட்டிருந்தேன், பேப்பர்ல வந்த படத்தை வெட்டி டைரில ஒட்டி வெச்சிருந்தேன். ஆசைக்கு வயசே இல்ல, ஒவ்வொரு தலைமுறைலயும் ஒருத்தன் கிளம்பிடறான்.

கணக்குப்புள்ள:
எல்லாரும் ஒப்பாரி வெக்கறதுக்கு முன்னாடி ஒரு மாத்துக் கருத்து. சிங்கப்பூரோட மலிவு ஏர்லைன் ஸ்கூட்டை ஏன் யாரும் சொல்லல? 2012ல சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கழிச்சுப் போட்ட 777ல ஆரம்பிச்சான், இன்னிக்கும் பறக்கறான், ஏதென்ஸ் வரைக்கும் போனவன். காரணம் சிங்கப்பூர் சாங்கி ஏர்போர்ட்ல இறங்குற கூட்டம். திருச்சிக்காரன் சிட்னி போகணும்னா சிங்கப்பூர்ல மாறி போயிடறான், வண்டி நிறையுது. செத்தவன் எல்லாம் நிறைக்கறதுக்கு பின்னாடி கூட்டம் இல்லாதவன். இண்டிகோ கையில உள்நாட்டுல நூத்துக்கு அறுபது பேருக்கு மேல இருக்கான், நானூறுக்கு மேல வண்டி, கோயம்புத்தூர்ல இருந்து ராஞ்சி வரைக்கும் ஆள அள்ளிட்டு வந்து பம்பாய்ல கொட்ட அவனால முடியும். அந்தப் பக்கம் ஆம்ஸ்டர்டாம்ல கேஎல்எம் கூட கூட்டு, அங்க இறங்கி ஐரோப்பால பல ஊருக்கு அதே டிக்கெட்ல போலாம். இது லேக்கருக்கும் இல்ல, நார்வேஜியனுக்கும் இல்ல.

லோடுஷீட்:
புள்ள, நல்ல பாயிண்ட். ஆனா நார்வேஜியன் பேரை எடுத்துட்டீங்க, அதனால ஒரு கதை சொல்லியே ஆகணும்.

நார்வேஜியன் 2013ல ஆஸ்லோ-நியூயார்க் ஆரம்பிச்சான். 787 புதுசு, பளபளன்னு இருக்கு, எண்ணெய் கம்மி, இதை வெச்சு உலகத்தையே மலிவா சுத்திடலாம்னு கேட்விக், பாரிஸ், லாஸ் ஏஞ்சல்ஸ், பேங்காக்னு பரத்தி போட்டான். அப்புறம் ரோல்ஸ் ராய்ஸ் டிரெண்ட் 1000 எஞ்சின்ல பிளேடு தேய்மானம் வந்து வண்டிங்க தரையில உக்காந்துச்சு, பதிலுக்கு வெளியாள் கிட்ட பழைய ஏ340 எல்லாம் வாடகைக்கு எடுத்து ஓட்டுனான். அதுலயே பாதி உயிர் போச்சு, மீதி கோவிட்ல. 2021 ஜனவரில லாங்-ஹால் (நீண்ட தூர) கடையை இழுத்து மூடினான். அவன் விட்டுட்டுப் போன 787ங்களை லீஸ் கம்பெனிங்க கிட்ட இருந்து சல்லிசா எடுத்து 2022ல கிளம்புனது தான் நார்ஸ் அட்லாண்டிக். அதே நீண்ட தூர மலிவு ஆசை, அதே வண்டி, அந்த 56 பிரீமியம் 282 எகானமி சீட்டு அமைப்பு கூட நார்வேஜியன் போட்டது தான். 2025ல நார்ஸும் சொந்தமா டிக்கெட் வித்து பிழைக்கறது கஷ்டம்னு பாதி வண்டியை வாடகைக்கு விட்டுட்டான், வாடகைக்கு எடுத்தது யாரு? நம்ம இண்டிகோ. மூணாவது ஏர்லைன் அதே நாற்காலில ஆளை உக்கார வெச்சிருக்கான்.

இதுல கெட்டிக்காரன் யாருன்னா நார்ஸ் தான். டேம்ப் லீஸ்னா வண்டி அவனோடது, பைலட் அவனோடவன், ரிப்பேரு, இன்சூரன்ஸ் அவன் பொறுப்பு, ஆளு ஏறினாலும் ஏறலைனாலும் மணிக் கணக்குல வாடகை வந்துடும். சீட்டு நிறையுமா நிறையாதாங்கற வயித்தெரிச்சல் முழுக்க இண்டிகோவுக்கு.

கணக்குப்புள்ள:
ஒத்துக்கறேன். ஆனா இது பழகறதுக்கான செலவுன்னு பாக்கணும். லண்டன் ஹீத்ரூல ஸ்லாட்டு (வண்டி இறங்கி ஏற ஒதுக்கற நேரம்), அங்க கிரவுண்ட் ஆளு, சரக்கு ஏஜெண்டு, பத்து மணி நேர வண்டில சாப்பாட்டு ஏற்பாடு இதெல்லாம் ஏ350 வந்த அன்னிக்கு ஆரம்பிச்சா லேட்டு. அப்புறம் ஏ350ங்கறது வேற கணக்கு. ஏர்பஸ் காக்பிட் எல்லாம் ஒரே குடும்பம் மாதிரி, ஏ320 ஓட்டற பைலட்டை கம்மி டிரெயினிங்ல மாத்திக்கலாம், போயிங்குக்கு மாத்தணும்னா அது நடக்காது. வயித்துக்குள்ள சரக்கு நிறைய போகும், அதுல வர்ற காசு சின்னதில்ல. முன்னாடி பெட்டு மாதிரி நீளுற சீட்டு போட்டா ஒரு கம்பெனி ஆள் குடுக்கற டிக்கெட் பின்னாடி அஞ்சாறு பேருக்கு சமம்.

திருச்சி டெர்மினல்:
முன்னாடி பெட்டு, வயித்துல சரக்கு, சூடா சோறு, கூட்டாளி ஏர்லைன். அண்ணே நீங்க சொல்றது ஏர் இந்தியா.

கணக்குப்புள்ள:
😂 அதுல நீலக் கலர் அடிச்சா இண்டிகோ. சிரிச்சாலும் அது தான் உண்மை. லாங்-ஹால்ல பிழைச்ச மலிவுக்காரன் எவனும் ரொம்ப நாள் மலிவுக்காரனா இருந்ததில்ல.

வெம்ப்ளி:
வணக்கம். நான் லண்டன்ல இருக்கிறன், ஊர் யாழ்ப்பாணம். நீங்கள் கம்பெனிக் கணக்குக் கதைக்கிறியள், நான் பயணிக் கணக்கு ஒண்டு சொல்லுறன். சில வருசத்துக்கு முந்தி ஒரு மலிவுக் கம்பெனியில (பேர் வேண்டாம்) குடும்பமா அத்லாந்திக்கைத் தாண்டிப் போனனாங்கள். போகேக்க ஒரு பிரச்சனையும் இல்லை. திரும்பி வரேக்க பிளேன் பழுது. பெரிய கம்பெனி எண்டால் அடுத்த பிளேன்ல ஏத்திவிடுவான், இவையளிட்ட அடுத்த பிளேன் எண்டதே இல்லை, கிழமைக்கு மூண்டு பறப்பு, அதுவும் நிறைஞ்சு போச்சு. ரெண்டு நாள் ஹோட்டல்ல, சின்னவளுக்குக் காய்ச்சல் வேற. மிச்சம் பிடிச்ச காசெல்லாம் அந்த ரெண்டு நாளிலயே போச்சு. இண்டிகோ நாளைக்கு ஒரு பிளேன் பழுதானால் என்ன செய்வான்? ஆறு பிளேன் தானே?

லோடுஷீட்:
வெம்ப்ளி அண்ணா, சரியா நாடியை பிடிச்சீங்க. ஏ320ல பிராட் அண்ட் விட்னி எஞ்சின் பிரச்சனைல 2024ல ஒரு கட்டத்துல எழுபதுக்கு மேல வண்டி தரையில நின்னுச்சு, அப்பவும் இண்டிகோ தாக்குப் பிடிச்சான், ஏன்னா மீதி முன்னூறு இருந்துச்சு. ஆறுல ஒண்ணு நின்னா ஆறுல ஒரு பங்கு வியாபாரம் நின்னுச்சு. அதனால தான் ஆர்டர் முப்பதுல நிக்காம அறுபதாச்சுன்னு நான் நினைக்கறேன். அஞ்சு பத்து வைட்பாடி (பெரிய வண்டி) வெச்சிட்டு லாங்-ஹால் ஓட்டறது ஒத்த மாட்டு வண்டி மாதிரி.

இது பத்தாதுன்னு வானம் வேற மூடிக் கிடக்கு. 2025 ஏப்ரல் 24ல பாகிஸ்தான் தன் வானத்தை இந்திய ஏர்லைன்ஸுக்கு மூடிடுச்சு. டெல்லிக்காரனுக்கு அடி ஜாஸ்தி, பம்பாய்க்கு கொஞ்சம் பரவால்ல, அதனால தான் ஐரோப்பாவுக்கு பம்பாய்ல இருந்து ஆரம்பிச்சதும் நல்லதா போச்சு. இண்டிகோ துருக்கிக்காரன் கிட்ட வாடகைக்கு எடுத்த ரெண்டு 777 கதையும் தெரியும்ல? 2025 மே மாச இந்தியா-பாகிஸ்தான் சண்டைல துருக்கி பாகிஸ்தான் பக்கம் நின்னதும் இங்க கோவம் வந்து, ஆகஸ்ட் 31தான் கடைசின்னு நம்ம விமானக் கட்டுப்பாட்டு அமைப்பு டிஜிசிஏ சொல்லிச்சு, அப்புறம் திரும்பவும் 2026 பிப்ரவரி வரைக்கும்னு நீட்டிச்சாங்க. வாடகை வீட்ல இருக்கவன் ஓனரோட பக்கத்து வீட்டுச் சண்டைக்கும் பயப்படணும்.

பழைய போயிங்:
சென்னைக்கு என்ன கிடைக்கும்னு யாருமே கேக்கல. 2019ல ஜப்பான் ஏர்லைன் ஏஎன்ஏ, தினமும்னு இல்லாட்டியும், சென்னைல இருந்து டோக்கியோ நரிட்டாவுக்கு நேரா விட்டான், கோவிட் வந்து தின்னுடுச்சு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எத்தனை கொரியாக்காரன், ஜப்பான்காரன் இருக்கான்! லண்டனுக்கு பிரிட்டிஷ் ஏர்வேஸ், பிராங்க்பர்ட்டுக்கு லுப்தான்சா, அவ்வளவு தான் நம்ம பெருமை. இண்டிகோ வாங்கற ஏ321 எக்ஸ்எல்ஆர்ங்கற நீண்ட தூரம் போற சின்ன வண்டி 8,700 கிலோமீட்டர் போகுமாம். லண்டன் வரைக்கும் எதிர்க்காத்துல இழுக்காது, ஆனா டோக்கியோ, சியோல் சென்னைல இருந்து தாராளமா போகலாம். ஆனா அதுவும் முதல்ல பம்பாய், டெல்லி தான், 2026 ஜனவரில இருந்து ஏதென்ஸுக்குன்னு அறிவிச்சான்.

மீனம்பாக்கம் வாசி:
அதான் என் வயித்தெரிச்சலும். தங்கச்சி மான்செஸ்டர்ல ஏறி பம்பாய்ல மாறி சென்னை வரணும். துபாய்ல மாறி வர்றதும் ஒரு மாத்தம் தான், பம்பாய்ல மாறுனாலும் ஒரு மாத்தம் தான். நம்ம ஊர்க் கம்பெனின்னு பம்பாயே எடுக்கச் சொல்லலாமா?

திருச்சி டெர்மினல்:
ரெண்டும் ஒரே மாத்தம்னு யார் சொன்னா? துபாய்ல மாறுனா பெட்டி நேரா சென்னை பெல்ட்ல வந்து விழும். பம்பாய்ல மாறுனா, நாட்டுக்குள்ள முதல்ல கால் வெக்கிற எடத்துல தான் கஸ்டம்ஸ். இமிகிரேஷன் கியூ, பெல்ட்ல நின்னு பெட்டியை எடு, கஸ்டம்ஸ் தாண்டு, திரும்ப பெட்டியைப் போடு, திரும்ப செக்யூரிட்டி, தண்ணி பாட்டிலை தூக்கி எறி. ராத்திரி மூணு மணிக்கு ரெண்டு குழந்தைய வெச்சிட்டு தனியா வர்ற பொம்பளைக்கு இது சின்ன விஷயமா? டெர்மினலும் பாத்து எடுக்கணும், இண்டிகோவோட உள்நாட்டு வண்டி எல்லாமே டெர்மினல் 2ல இருந்து போகாது, சிலது டெர்மினல் 1ல இருந்து கிளம்பும், அது ஊரைச் சுத்தி போற தூரம். மூவாயிரம் ரூபா மிச்சத்துக்கு எங்க அத்தைய இப்படி ஒரு தடவை வர வெச்சு ஆறு மாசம் பேசாம இருந்தாங்க.

கணக்குப்புள்ள:
இங்க தான் விஷயமே இருக்கு. துபாய்க்கு ரெண்டு பக்கமும் வாரத்துக்கு 66,000 சீட்டு சொச்சம்னு ஒப்பந்தம், அது எப்பவோ நிறைஞ்சு போச்சு, அவங்க ஜாஸ்தி கேக்கறாங்க, நம்ம கவர்மெண்ட் கொடுக்கல. நம்ம ஆளு நம்ம ஏர்லைன்ஸ்ல தான் லண்டன் போகணும், நியூயார்க் போகணும், டெல்லியும் பம்பாயும் துபாய் மாதிரி ஆகணும்னு ஆசை. வண்டி வாங்கிட்டாங்க, பெட்டி தானா மாறுற பெல்ட்டை வாங்கல.

வெம்ப்ளி:
இதைக் கேக்கத்தான் உண்மையில வந்தனான். அம்மாவை மார்ச்சில லண்டனுக்குக் கூப்பிடப் போறன், யூகே விசா கிடைச்சிட்டுது. 2024ல இருந்து இண்டிகோ யாழ்ப்பாணம்-சென்னை விடுறான், சின்ன ஏடிஆர் பிளேன். யாழ்ப்பாணத்துப் பலாலி ஏர்போர்ட்டில ஏறினால் சென்னை, சென்னையில இருந்து பம்பாய், பம்பாயில இருந்து ஹீத்ரூ, எல்லாம் ஒரே கம்பெனி. கொழும்புக்கு ஏழெட்டு மணித்தியாலம் ரோட்டில வான்ல (வேன்) குலுங்கிக் கொண்டு போகத் தேவையில்லை. 71 வயசு, முழங்கால் ஏலாது. எடுக்கலாமோ?

லோடுஷீட்:
அம்மா பாஸ்போர்ட் இலங்கைதான?

வெம்ப்ளி:
ஓம்.

லோடுஷீட்:
அப்ப அவசரப்பட்டு டிக்கெட் எடுத்துடாதீங்க அண்ணா. சென்னைல இறங்கி பம்பாய்க்கு போறது உள்நாட்டு பயணம், அதனால சென்னைலயே இமிகிரேஷன் தாண்டி உள்ள வரணும், இந்திய விசா இல்லாம விட மாட்டாங்க. வெறும் வண்டி மாறறதுக்கு விசா. ஈ-விசா போடலாம், ஆனா போடணும். பெட்டி சென்னைல ஒரு தடவை கையில வரும். பம்பாய்ல இன்னொரு இமிகிரேஷன், வெளிய போறதுக்கு. மூணு வண்டி, ரெண்டு இமிகிரேஷன், 71 வயசு.

திருச்சி டெர்மினல்:
வீல்சேர் மூணு எடத்துலயும் டிக்கெட் போடும்போதே சொல்லி வெக்கணும், ஏடிஆர்ல படி ஏறணும்ங்கறதையும் கேட்டுக்கங்க. ஒரே பிஎன்ஆர்ல போடுங்க, தனித்தனியா போட்டா ஒண்ணு லேட்டானா அடுத்தவன் கை விரிச்சிடுவான்.

வெம்ப்ளி:
அம்மாட்ட போன்ல கேட்டன். "மூண்டு தரம் இறங்கி ஏறுறதுக்கு நான் கொழும்புக்கே வான்ல போறன், அங்க மாமி வீட்டில ஒரு நாள் நிண்டு புட்டும் சாப்பிட்டிட்டு வாறன்" எண்டு சொல்லிட்டா. கொழும்பு-தோகா-லண்டன் எடுத்திட்டன். உந்த ஏ350 சென்னையில இருந்து நேர வெளிக்கிட்டால் சொல்லுங்கோ, அம்மாவின்ர ரெண்டாவது பயணத்துக்குப் பாப்பம்.

மீனம்பாக்கம் வாசி:
தங்கச்சிக்கும் துபாயே போட்டாச்சு. இண்டிகோவை விட நாலாயிரம் ஜாஸ்தி. வீட்ல சண்டை ஆரம்பிச்சாச்சு, அப்புறம் வரேன்.